சுகிர்தாவின் பதினெட்டு மீட்டர்

உத்திரமேரூரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஊர்களில் கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்றால் ஆல்பர்ட்டைக் கூப்பிடுவார்கள். ஆல்பர்ட்டைக் கூப்பிட்டால் அவன் பெண்டாட்டி சுகிர்தாவும் கூட வருவாள். மோட்டாரைப் பிரித்து மாட்டுவதில் ஆல்பர்ட்டுக்கு ஈடு கிடையாது. ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் அவன் இறங்க மாட்டான். நீச்சல் தெரியாது, கற்றுக்கொள்ளவும் பயம். கிணற்றுக்குள் போகும் குழாயின் அடி நுனியில் ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கும். அதில் தழையோ பிளாஸ்டிக் பையோ போய் அடைத்துக்கொண்டால், முங்கி எடுப்பது சுகிர்தாவின் வேலை. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவள் ஒரே மூச்சில் இரண்டு நிமிஷம் உள்ளே இருந்துவிட்டு, அடைப்போடு மேலே வந்து தலையைச் சிலுப்புவதைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

போன தை மாதம், பொங்கல் முடிந்த மறுநாள் வரதன் போன் செய்தார். அவருடைய கழனிக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. அந்தக் கிணறு வெட்டும்போது கல் சுமந்த ஆட்களில் சுகிர்தாவின் அப்பாவும் ஒருவர். தண்ணீர் ஊறிய பிறகு அதில் கால் நனைக்க அவர்களை விடவில்லை. இப்போது வரதனே போன் போட்டு, "சுகிர்தாவ கையோட கூட்டிக்கினு வந்துடுப்பா" என்கிறார். காலம் அவ்வளவு மாறியிருந்தது.

ஆல்பர்ட் முதலில் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் தண்ணீரில் இருக்கும்போது அது அவன் நெஞ்சோடுதான் இருக்கும், வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டான். பிறகு அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். ஒரு சுண்டு சுண்டினால் சௌக்கியம். இரண்டு சுண்டினால் இழு. சுகிர்தா நைட்டிக்கு மேல் போட்டிருந்த ஆல்பர்ட்டின் பழைய சட்டையை இறுக்கி முடிந்துகொண்டு, மூச்சை நிரப்பி, தலைகீழாக உள்ளே போனாள்.

இருபத்தைந்து அடித் தண்ணீர். பத்தடிக்குக் கீழே எல்லாம் கரும்பச்சை. கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான். குழாயைத் தடவிக்கொண்டே போய் வால்வைப் பிடித்தாள். உர மூட்டைச் சாக்கு ஒன்று வாயில் சுருண்டு கிடந்தது. இழுத்தாள், வரவில்லை. காலைச் சுவரில் உதைத்து மறுபடி இழுத்ததில் பிய்த்துக்கொண்டு வந்தது. மேலே வந்து சாக்கைப் படியில் வீசியபோது யாரோ கைதட்டினார்கள். வரதனின் மகள் திவ்யா. சென்னையில் கம்பெனி வேலையில் இருப்பவள், பண்டிகைக்கு வந்திருந்தாள்.

"யக்கா, உள்ள இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதும்மா. கைதான் பாக்கும், கண்ணு சும்மா கூட வரும்."

திவ்யா கிணற்றுப் படியில் இறங்கி வந்து போனை நீட்டினாள். அவள் போன வருஷம் அந்தமான் போய் வந்தாளாம். படத்தில் நீலமான தண்ணீர், அதில் திவ்யா. முதுகில் சிலிண்டர், வாயில் குழாய். சுற்றிலும் மீன்கள் ஒன்றும் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

"எம்மாம் நேரம் உள்ள இருந்த?" என்றாள் சுகிர்தா.

"நாப்பது நிமிஷம் இருக்கும்க்கா."

"நாப்பது நிமிஷமா! அம்மாம் நேரம் இன்னா வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. சும்மா பாத்துக்கினு இருந்தேன்."

சுகிர்தாவுக்கு அந்த வார்த்தை எங்கேயோ போய்ப் பட்டது. பன்னிரண்டு வயதிலிருந்து தண்ணீருக்குள் போகிறாள். குடம், வாளி, வால்வு, ஒருமுறை தவறி விழுந்த கன்றுக்குட்டி என்று எதையாவது எடுக்கத்தான் போயிருக்கிறாள். சும்மா பார்க்க ஒருநாளும் போனதில்லை.

"இத்த என்ன மாதிரி ஆளுங்க செய்யலாமா?"

"உன்ன மாதிரி ஆளுங்கதான் செய்யணும். ஆனா ஒண்ணு. நான் போனது ட்ரை டைவு. ஒருத்தர் கையப் புடிச்சிக்கினே கூட்டிக்கினு போவாரு. கோர்ஸ் முடிச்சி கார்டு வாங்கினா, இன்னொரு டைவரோட நீயா போவலாம். பதினெட்டு மீட்டர் வரைக்கும். எந்த ஊரு கடல்லயும்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் டி.வி.எஸ்.ஸின் பின்சீட்டில் சுகிர்தா பேசவே இல்லை. ஆல்பர்ட் வண்டியை ஓரம் கட்டினான்.

"இன்னாமே, உடம்பு முடியலையா?"

"யோவ், பதினெட்டு மீட்டர்னா எத்தினி அடி?"

அவன் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தான். "அறுபது அடி கிட்ட வரும். யார் வூட்டுக் கிணறு?"

"கிணறு இல்ல" என்று அவள் ஆரம்பித்தாள்.

முழுவதையும் கேட்டுவிட்டு ஆல்பர்ட் உடனே சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அந்த வாயில வெக்கிற மெஷினு எப்பிடி வேலை செய்யுதுன்னு பாக்கணும்" என்றான். அவன் அப்படிச் சொன்னால் பாதிச் சம்மதம் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த ஒரு வாரம் இரண்டு பேரும் போனும் கையுமாகக் கிடந்தார்கள். தேடத் தேட விளம்பரம் கொட்டியது. ஒரே நாளில் ஸ்கூபா டைவிங், போட்டோ இலவசம், சர்டிபிகேட் இலவசம் என்று ஒன்று. சுகிர்தா அந்த நம்பருக்கே போன் போட்டாள்.

"நீச்சல் தெரியலன்னாலும் பரவால்ல மேடம். எல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றது ஒரு குரல்.

"அந்த சர்டிபிகேட்ட காட்டினா வேற ஊருல இறக்குவாங்களா?"

"அத நீங்க ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம் மேடம்."

சுகிர்தா சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள். கடைசியில் புதுச்சேரியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. இரண்டிலும் ஆரம்பநிலைக் கோர்ஸ் உண்டு, இரண்டிலும் கார்டு கிடைக்கும். ஒன்று இரண்டே நாளில் முடித்துத் தருகிறோம் என்றது. மற்றொன்றில் ஐந்து நாள், விலையும் கூட. "நேர்ல பாக்காம மோட்டாரே வாங்க மாட்டேன், கோர்ஸ் வாங்குவனா?" என்றான் ஆல்பர்ட். ஒரு திங்கட்கிழமை, பிள்ளைகள் இரண்டையும் சுகிர்தாவின் அம்மா பாக்கியமேரியிடம் விட்டுவிட்டு, மதுராந்தகம் போய்ப் புதுச்சேரி பஸ் பிடித்தார்கள். ஆல்பர்ட் சட்டைப் பையில் டெஸ்டரைச் செருகியிருந்தான். எதற்கு என்று கேட்டால், பழக்கம் என்றான்.

முதல் இடம் பளபளவென்று இருந்தது. சுவர் முழுக்கத் திமிங்கலப் படம். குளிர்ச்சியாக ஜூஸ் கொடுத்தார்கள். அங்கிருந்தவர் ஒரு பாரத்தை நீட்டி, "இதுல எல்லாத்துக்கும் 'நோ' டிக் பண்ணிடுங்க, ஒரு நிமிஷ வேலை" என்றார்.

"இன்னா கேட்டு கீது இதுல?" என்றாள் சுகிர்தா.

"சும்மா ஹெல்த் கேள்விங்க. எல்லாரும் 'நோ'தான் போடுவாங்க."

அதற்குள் ஆல்பர்ட் பின்பக்கம் போயிருந்தான். சிலிண்டர்கள் வெயிலில் வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் மேல் கழற்றி வைத்திருந்த, காற்றழுத்தம் காட்டும் கேஜைத் தட்டிப் பார்த்தான். முள் பூஜ்யத்துக்கு வராமல் நடுவில் நின்றது. அங்கிருந்த ஆளிடம் கேட்டு ஒரு சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறக்கச் சொல்லி, புஸ்ஸென்று வந்த காற்றை முகர்ந்தான். டீசல் எஞ்சின் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. திரும்பி வந்து சுகிர்தாவின் முழங்கையைத் தொட்டான்.

"வா போலாம்."

"இன்னாச்சி?"

"காத்துக்கு வாசனை கீது. காத்துக்கு வாசனை இருக்கக் கூடாது. நான் வேல செய்யற கம்ப்ரஸரே இதவிட சுத்தமா கீது."

இரண்டாவது இடம் ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் ரப்பர் உடைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பிளாஸ்டிக் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, கடலுக்குப் போய் வந்த குழாய்களை ஒரு பெண் கழுவிக்கொண்டிருந்தாள். குட்டையாக வெட்டிய முடி, வெயிலில் கருத்த முகம், வயது இருபத்தேழு இருக்கும். அவள்தான் சொல்லிக்கொடுப்பவள் என்று தெரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. பெயர் இளமதி. கடற்கரைக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள்.

ஆல்பர்ட் தன் கேள்விகளை ஆரம்பித்தான். வாயில் வைக்கும் ரெகுலேட்டரை யார் சர்வீஸ் செய்கிறார்கள், எப்போது செய்தார்கள், சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரில் ஃபில்டர் எப்போது மாற்றினார்கள். இளமதிக்குக் கோபம் வரவில்லை. ஒரு நோட்டை எடுத்து வந்து தேதிகளைக் காட்டினாள். ஒரு பழைய ரெகுலேட்டரை அவன் கையிலேயே கொடுத்து, "பிரிச்சிப் பாருங்கண்ணா" என்றாள். ஆல்பர்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மூச்சை இழுத்தால் திறந்து, விட்டால் மூடும் அந்தச் சின்ன வால்வைப் பார்த்து, "அடிப்பாவி, ஃபுட் வால்வோட தம்பி இது!" என்றான்.

இளமதி சுகிர்தாவிடம் திரும்பினாள். அவளும் அதே மாதிரி ஒரு பாரத்தைக் கொடுத்தாள். ஆனால் டிக் பண்ணச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் படித்தாள். வீசிங் உண்டா? வலிப்பு? நெஞ்சுவலி? காதில் எப்போதாவது சீழ், ஓட்டை, ஆபரேஷன்?

சுகிர்தாவின் பேனா நின்றது. பதினாலு வயதில் ஏரி மதகிலிருந்து குதித்து, இடது காதில் இரண்டு மாதம் சீழ் வடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? அதற்குப் பிறகு ஆயிரம் முறை கிணற்றில் முங்கியாயிற்று. இல்லை என்று போட்டால் நாளைக்கே ஆரம்பிக்கலாம். அவள் ஆல்பர்ட்டைப் பார்த்தாள். அவன் வால்வுக்குள் தலையை விட்டிருந்தான். கழுவித் துடைத்துக் காய வைத்திருந்த குழாய்களைப் பார்த்தாள். இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறவளிடம் பொய் எழுத அவளுக்குக் கை வரவில்லை.

"இருந்துச்சும்மா" என்றாள்.

"சரிக்கா. அப்போ காது டாக்டர் கிட்ட ஒரு லெட்டர் வேணும். அவர் சரின்னாதான் தண்ணிய தொடலாம். கோச்சிக்காதீங்க."

"முடியாதுன்னு சொல்லிட்டார்னா?"

"அப்போ ரெண்டு பேரும் போட்ல உக்காந்து மீன் பிடிக்கலாம்" என்று சிரித்தாள் இளமதி.

திரும்பும் பஸ்ஸில் சுகிர்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஆல்பர்ட் மட்டும் குஷியாக இருந்தான். "கோர்ஸ் இதான். வேணாம்னு சொல்லத் தெரிஞ்சவங்க கிட்டதான் உன்ன வுடுவேன்" என்றான்.

காஞ்சிபுரத்தில் காது டாக்டரிடம் காட்டினார்கள். அவர் விளக்கை வைத்துப் பார்த்தார். காதில் ஒரு சின்ன ரப்பரைச் செருகி, மெஷினை ஓடவிட்டு, பேப்பரில் வந்த கோட்டைப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். சுகிர்தா நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை.

"ஓட்டை எப்பவோ மூடிடுச்சு. ஜவ்வு நல்லா அசையுது. உங்க தொழில் என்னம்மா?"

சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு லெட்டர் எழுதினார். கடைசியில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தார். வெளியே வந்து திவ்யாவுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். திவ்யா பதில் போட்டாள்: "இந்தக் காதுகள் என் காதுகளைவிட மேல்னு எழுதி கீறார்க்கா!" மார்க்கெட் நடுவில் நின்றுகொண்டு சுகிர்தா உரக்கச் சிரித்தாள்.

பங்குனியில் கோர்ஸ் ஆரம்பித்தது. ஆல்பர்ட்டும் புதுச்சேரிக்குக் கூடவே வந்துவிட்டான். அவளோடு படிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த இரண்டு பையன்கள், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். முதல் நாள் பாடம். பரீட்சைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. இளமதி கேள்விகளை வாசித்துச் சொல்ல, சுகிர்தா பதிலைச் சொன்னாள். பத்து மீட்டர் ஆழத்தில் காது ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்கு அவள் சொன்ன பதிலைப் பையன்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் நீச்சல் குளத்தில் இருநூறு மீட்டர் நீந்தச் சொன்னபோது, பையன்கள் பாதியில் மூச்சு வாங்க, இவள் முடித்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷம் மிதக்கச் சொன்னார்கள். மிதந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். இளமதி வந்து தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

சிலிண்டரை மாட்டியதும் கதை தலைகீழாயிற்று. பையன்கள் இரண்டு பேரும் சமர்த்தாக அடியில் உட்கார்ந்திருக்க, சுகிர்தா மட்டும் பலூன் மாதிரி மேலே மேலே கிளம்பினாள். இளமதி கீழே இழுப்பாள். மறுபடி கிளம்புவாள். மூன்றாவது தடவை இருவரும் மேலே வந்தார்கள்.

"அக்கா, நீங்க மூச்ச அடக்குறீங்க."

"நான் எங்க அடக்கறேன்?"

"இழுத்துட்டு விடவே மாட்டேங்கறீங்க. கெணத்துல அது சரி. இங்க அது ஆபத்து. அடியில இழுத்த காத்த அடக்கிக்கிட்டு மேல வந்தா, நுரையீரல்ல அது விரிஞ்சிக் கிழிச்சிடும். இந்தக் கோர்ஸ்ல முதல் சட்டமே மூச்ச அடக்கக் கூடாதுங்கறதுதான்."

சுகிர்தாவுக்கு அழுகை வந்தது. இருபது வருஷமாக அவளுக்குச் சோறு போட்டதே அந்த அடக்கிய மூச்சுதான். அதை விடு என்றால் எப்படி விடுவது? மறுபடி போனாள். தெரிந்தே விட நினைத்தாலும், தண்ணீர் தலைக்கு மேலே மூடியதும் தொண்டை தானாகப் பூட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் வரை அதே கதை.

மூன்றாம் நாள் காலை ஆல்பர்ட் குளத்தின் விளிம்பில் வந்து குந்தினான். முகம் வெளிறியிருந்தது.

"சுகி, ஒண்ணு சொல்லவா? கெணத்துல உன் கயிறு என் கையில இருக்கும். நீ இருக்கியா இல்லியான்னு கை சொல்லிடும். இங்க கயிறு இல்ல. நீ மூச்சு வுட்டா மேல வர்ற இந்தக் குமிழிதான் எனக்குக் கயிறு. அது வந்துக்கினே இருந்தா நான் உக்காந்திருப்பேன். நீ மூச்ச அடக்குறப்ப குமிழி நிக்குது பாரு, அப்ப எனக்கு உசுரே நின்னுபூடுது. எனக்காவ வுட்டுக்கினே இரேன்."

சுகிர்தா அவனைப் பார்த்தாள். குமிழியை எண்ணி எண்ணி அவன் கண் சிவந்திருந்தது. வாயில் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

இந்தத் தடவை மூச்சு விட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. மேலே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு ஒரு சேதி அனுப்ப வேண்டும் என்று நினைத்தாள். அனுப்பினாள். நான் இருக்கிறேன். இன்னொன்று. இருக்கிறேன். குமிழிகள் வெள்ளிக்காசு மாதிரி தளதளவென்று மேலே போயின. அரை மணி கழித்துத்தான் தான் மேலே கிளம்பவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. எதிரே இளமதி கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிச் சரி என்று காட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் கண்ணெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

நான்காம் நாள் கடல். ஆல்பர்ட்டும் படகில் வந்தே தீருவேன் என்றான். லைஃப் ஜாக்கெட்டின் பட்டிகளைப் போட்ட பிறகு, அதன் மேல் தன் துண்டையும் ஒரு கட்டுக் கட்டிக்கொண்டான். கரையிலிருந்து அரை மணி தூரம் போனதும் காலை நாஷ்டா முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டான். சுகிர்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னப் பாக்காத, போ, போ" என்று கையை ஆட்டினான்.

அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்தாள்.

முதலில் வெளிச்சமான பச்சை. காதில் கனம் ஏறியதும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினாள், விலகியது. படகின் நங்கூரக் கயிற்றுப் பக்கமாகவே இளமதியோடு இறங்கினாள். ஐந்து மீட்டர். எட்டு மீட்டர். கிணற்றில் கண் இருண்டுபோகிற ஆழத்தைத் தாண்டிவிட்டார்கள். இங்கே இருட்டவில்லை. பத்து. கீழே பாறைகள் தெரிந்தன. அதன் மேல் மஞ்சள் கோடு போட்ட மீன்கள் நூறு, இருநூறு, எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. பிறகு ஒரு சேர அவளைப் பார்த்தன. பொந்திலிருந்து ஒரு விலாங்கு தலையை நீட்டி வாயைத் திறந்து மூடியது, பக்கத்து வீட்டுக்காரி வம்பு பேச வந்தது மாதிரி. பாறையிடுக்கில் விசிறி விசிறியாகத் துடுப்பு வைத்த ஒரு மீன் அசையாமல் நின்றது. இளமதி தொடக் கூடாது என்று விரலை ஆட்டினாள். தொட வேண்டும் என்றே சுகிர்தாவுக்குத் தோன்றவில்லை. கை இரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டாள். எடுக்க ஒன்றுமில்லை, பிடுங்க ஒன்றுமில்லை. கண் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் சேர்ந்திருந்தது. கடலா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. பாடத்தில் சொன்ன மாதிரி தலையை நிமிர்த்தி, மூக்கால் ஊதி வெளியேற்றிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

அன்று இரண்டு டைவ், மறுநாள் இரண்டு. கடைசி டைவில் கையில் கட்டியிருந்த ஆழம் காட்டும் கேஜ் பதினேழு புள்ளி ஆறு மீட்டர் என்று காட்டியது. மேலே வந்ததும் இளமதி கட்டிப் பிடித்துக்கொண்டாள். போனில் அவளுடைய கார்டு வந்து விழுந்தது. படத்தில் தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. வேறு நல்ல படம் வைக்கலாமா என்று இளமதி கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றாள் சுகிர்தா.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் ஆல்பர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, அவள் பேச ஆரம்பித்தாள். விலாங்கு எப்படி வாயைத் திறந்தது என்று வாயைத் திறந்து காட்டினாள். திருக்கை மணலை உதறிக்கொண்டு எழுந்ததைத் துப்பட்டாவை விரித்துக் காட்டினாள். ஆல்பர்ட் எல்லாவற்றுக்கும் "அப்பிடியா!" என்றான். திண்டிவனம் தாண்டியபோது அசதியில் அவன் தலை தொங்கிவிட்டது. சுகிர்தா பேச்சை நிறுத்தினாள்.

முன்சீட்டில் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் விருட்டென்று திரும்பினாள்.

"இன்னா கண்ணு, நிறுத்திட்ட? அந்த மீனு கூட்டம் உன்ன சுத்தி வந்துச்சே, அப்பால இன்னா ஆச்சி?"

சுகிர்தா எழுந்துபோய் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.